ஆண்டவர் மேல் பழி போடாதீர்கள்

ஆண்டவர் யாரை அதிகம் நேசிக்கிறாரோ அவரைத்தான் அதிகம் சோதிப்பாராம். சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரை போடிநாயக்கனூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. கோயிலில் கேட்கிறோம், அன்பியக் கூட்டத்தில் கேட்கிறோம், லெந்து கால உபவாசக் கூட்டங்களில் ஒலிபெருக்கி வைத்தே சொல்கிறார்கள். சொல்பவர்கள் ஆறுதல் சொல்வதாகவே நினைக்கிறார்கள். கேட்பவர்களும் ஆமென் என்கிறார்கள்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு துட்டி வீட்டில் அதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. மலையடிவாரத்து ஊர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் வளைவில் கவிழ்ந்து, அந்த அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். துட்டி கேட்க வந்திருந்த போதகர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, அழாதீங்க. ஆண்டவருக்கு ஒங்க மேல பிரியம் ஜாஸ்தி. அதான் இந்தச் சிலுவையக் குடுத்திருக்காரு" என்றார். அந்த அக்கா தலையைக் குனிந்தபடி, "சரிங்கய்யா" என்றார். அந்த அறையில் எத்தனையோ பேர் இருந்தோம். ஜீப்பில் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள், பிரேக் எப்போது பார்த்தது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஒரு வாய் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது போல் கலைந்துபோனார்கள். பதிலாகக் கிடைத்தது ஆண்டவருடைய பெயர்.

இப்படிப் பேசுகிற எல்லோரிடமும் நான் ஒரே ஒரு நாளைச் சொல்லிக் கேட்கிறேன்: 2018 மார்ச் 11.

அன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். நோன்பின் நடுவே பாஸ்கா நெருங்குகிற சந்தோஷத்துக்காகக் குருவானவர் ஊதா அங்கியை விட்டு இளஞ்சிவப்பு அங்கி அணியலாம் என்று வழக்கம் வைத்திருக்கிற நாள். அன்று உலகெங்கும் கத்தோலிக்கப் பூசைகளில் வாசிக்கக் குறித்திருந்த நற்செய்தி, யோவான் மூன்றாம் அதிகாரம், 14 முதல் 21 வரை. கடவுள் இந்த உலகத்தின் மேல் எவ்வளவு அன்பு வைத்தார் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த 16ஆம் வசனம் அதற்குள்தான் இருக்கிறது. காலைப் பூசையில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். பிற்பகலில் குரங்கணி மலை எரிந்தது.

போடியிலிருந்து குரங்கணி எட்டிப் பிடிக்கிற தூரம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் முந்தின நாள் கொழுக்குமலைக்கு ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியும் அதில் உண்டு. மாசிக் கடைசியில் எங்கள் மலைச்சரிவு எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மழை கண்டு மாதக்கணக்காகியிருக்கும்; புல் உயர்ந்து வளர்ந்து, வெளுத்து, ஒரு பொறி பட்டால் போதும் என்று நிற்கும். அந்தச் சரிவில் காற்று திரும்பினால் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. பாதை தெரியாதவர்கள் பாறை இடுக்குகளிலும் பள்ளங்களிலும் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்றே இறந்தவர்கள் போக மற்றவர்கள் தேனி, மதுரை, சென்னை என்று மருத்துவமனைகளில் தீக்காயத்தோடு கிடந்து, ஒருவர் பின் ஒருவராக, வாரக்கணக்கில் போனார்கள்.

காலையில் வாசித்த அன்பும் பிற்பகலில் எரித்த தீயும் ஒரே கையிலிருந்து வந்தவையா? ஆம் என்று சொல்லத் துணிவு இருப்பவர்கள், மகளை அடையாளம் காட்டப் பிணவறை வாசலில் நின்ற ஒரு தகப்பனிடம் போய், "ஆண்டவர் உங்கள் பிள்ளையை எங்கள் பிள்ளைகளைவிட அதிகமாக நேசித்தார்" என்று சொல்லட்டும். சொல்ல முடியாது. ஒலிபெருக்கியில் சொல்ல முடிகிறதை ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், அது பொய்.

அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லவே, அவர்கள் கணக்கு வேறு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த ஞாயிறு வாசகம் உலகம் முழுவதையும்தான் சொல்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் கடவுள் நேசித்ததாக அது எங்கும் சொல்லவில்லை.

குரங்கணித் தீக்குக் காரணங்கள் இருந்தன, காய்ந்த புல் மட்டும் காரணம் அல்ல. எந்தப் பாதைக்கு அனுமதி, எந்தப் பாதையில் போனார்கள், காட்டுத்தீ காலத்தில் மேலே விட்டது யார், எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்று கேள்விகள் எழுந்தன. விசாரிக்க அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியை அரசு நியமித்தது. மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. கேள்வி கேட்டதால் வந்தவை அவை. அன்று தமிழ்நாடே கைகூப்பி, எல்லாம் ஆண்டவர் அன்பு என்று சொல்லியிருந்தால் ஒரு விதியும் வந்திராது. அடுத்த மாசியில் இன்னொரு குழு அதே புல்லுக்குள் நடந்திருக்கும்.

அன்று கடவுளின் அன்பு எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் உண்டு. புகையைப் பார்த்ததும் முதலில் ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். விமானப்படை ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் பிறகு வந்தார்கள். ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் இருட்டில், சூடு ஆறாத தரையில், போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டி, முன்பின் தெரியாத ஊர்ப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். தண்ணீர் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எனக்குக் கவலையில்லை. யோவான் சொன்ன அன்பு அந்தத் தோள்களில் இருந்தது. தீயில் இல்லை, இல்லவே இல்லை.

வேதத்தில் இருக்கிறதே என்பார்கள். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்பட்டுத் தளர்ந்துபோனவர்களைத் தைரியப்படுத்த எழுதியது அது. ஜீப் கவிழ்ந்த வீட்டில் வாசிக்க எழுதியது அல்ல. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தை ஏன் யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை? எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்கிறார். செத்தவர்களைக் கடவுள் அதிகம் நேசித்தார் என்றும் அவர் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் திருந்துங்கள் என்றார். இதுவும் தவக்கால வாசகம்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாம் ஞாயிற்றில் வருகிறது. யோபுவுக்கு அவருடைய நண்பர்கள் என்னென்ன விளக்கம் சொன்னார்களோ அதையேதான் நம் துட்டி வீடுகளில் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது அந்த நண்பர்கள் மேல். யோபு அழுதார், கத்தினார், கடவுளோடு வழக்காடினார். அவரைக் கடவுள் கோபிக்கவில்லை. லாசரின் கல்லறைக்கு வந்த இயேசு மார்த்தாவிடமும் மரியாளிடமும் தம் அன்புக்கு இது அடையாளம் என்று உபதேசம் பண்ணவில்லை. அழுதார்.

பிள்ளையின் காலை உடைத்துவிட்டு, உன் மேல் உள்ள பாசத்தால் உடைத்தேன் என்று சொல்கிற தகப்பனை நம் ஊரில் கட்டிவைத்து உதைப்பார்கள். அந்தத் தகப்பனாகத்தான் பரலோகத் தந்தையைக் காட்டுகிறீர்கள்.

ஹாம்பர்க் நகரத்தின் மேல் 1943 ஜூலையில் குண்டு பொழிந்தபோது யுர்கன் மோல்ட்மன் பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்ற தோழன் செத்தான், நகரம் தீயாக எரிந்தது. கடவுள் எங்கே என்று அப்போது கேட்டவர் பிறகு இறையியலாளராகி, 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். துன்பத்தை அனுப்புகிற இடத்தில் கடவுளை அவர் வைக்கவில்லை. துன்பப்படுகிறவர்கள் நடுவே, தாமும் அடிபட்டவராக வைத்தார். நாம் வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு நிலைகளில் முழங்காலிட்டுச் சுற்றி வருவதும் அதைச் சொல்லத்தானே? சிலுவைப்பாதையில் கடவுள் சாட்டையைப் பிடித்திருக்கவில்லை. சாட்டையடி அவர் முதுகில் விழுகிறது.

இந்த நம்பிக்கை யாருக்குச் சௌகரியம் என்று பாருங்கள். விடியுமுன் போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று எல்லா ஊரிலிருந்தும் ஜீப்புகள் கிளம்புகின்றன. மலை ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் காய் எடுக்கக் கொண்டுபோகின்றன. உள்ளே மடியில் மடி, பின்னால் தொங்கிக்கொண்டு ஆட்கள். இரண்டு மாநிலத்துச் சோதனைச்சாவடியையும் தாண்டித்தான் அந்த வண்டிகள் போகின்றன. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் தொட்டது. போடியில் இனிப்புக்கடை வரை அதுதான் பேச்சு. அந்த ஆண்டு தொழிலாளிக்கு ஒழுங்கான பேருந்து விட்டார்களா? தூர் தூராக மருந்து அடிக்கிறவனுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா? கேட்டால் காசு செலவாகும். ஆண்டவர் சோதிக்கிறார் என்றால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

விபத்தில் இறந்தவரின் குடும்பம், விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், தான் வசிக்கிற ஊருக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. வேலைக்குப் போகும்போதோ வேலையிலோ செத்தவருக்காகத் தனியாக இழப்பீட்டுச் சட்டமும் உண்டு. இதை எந்தச் செபக்கூட்டத்திலாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. பத்து நிமிடம் அந்நிய பாஷையில் செபிக்கிறவர்கள் இரண்டு நிமிடம் தமிழில் இதைச் சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

மூணாறு பக்கம் பெட்டிமுடியைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்தது. 70 உயிர். நம் மக்கள், கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்னே மலையேறிய குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், விடிந்த பிறகுதான் வெளியுலகுக்கே தெரிந்தது. ஒற்றை அறை லயத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தை வைத்தது கடவுளா? மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடியில் புதைந்தவர்களுக்கு 5 லட்சம். அந்த 5 லட்ச வித்தியாசத்தையும் ஆண்டவரின் சோதனை என்பார்களா? அதே மூணாறில் 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது தேயிலைப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆண் தலைவர்களை அண்ட விடாமல், 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். அவர்களிலும் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். பாதி போனஸைத் தங்களுக்கு வந்த சிலுவை என்று அவர்கள் சுமந்துகொண்டு போகவில்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிறு. வேளாங்கண்ணியில் கடல் ஏறி வந்தது. பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்களை மாதா காப்பாற்றினாள் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். மொட்டை போட்டு, கடலில் குளித்துக்கொண்டிருந்த குழந்தையை மாதா பார்க்கவில்லையா? அதுவும் அவள் வீட்டுக்கு வந்த குழந்தைதானே? 2019 ஏப்ரல் 21 பாஸ்கா ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து நின்ற பிள்ளைகள் நடுவே குண்டு வெடித்தது. அன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கோயிலில்தான் இருந்தார்கள். கடற்கரையில் செத்தால் கோயிலுக்குள் இல்லாத குறை, கோயிலில் செத்தால் ஆண்டவருக்குப் பிடித்த பிள்ளை. எப்படி விழுந்தாலும் நியாயம் சொல்லத் தெரிந்திருக்கிறது, செத்தவர்களுக்காகக் கோபப்பட மட்டும் தெரியவில்லை. குரங்கணியில் எரிந்தவர்களுக்கு எந்த நியாயத்தைச் சொல்வீர்கள்?

வீட்டுக்குள் இந்த உபதேசம் செய்கிற கொடுமை தனி. டாஸ்மாக்கில் கூலியைத் தொலைத்துவிட்டு வந்து அடிக்கிறவனோடு வாழ்கிற பெண்ணிடம், அது உன் சிலுவை, பொறுமையாகச் சுமந்துகொள் என்கிறார்கள். அடிக்கிறவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தவக்காலம் என்று அவன் நாற்பது நாள் கறி சாப்பிடாமல் இருந்தால் அவனைப் பக்தன் என்கிறார்கள்.

சாதி இதைவிட மோசம். 2008 மார்ச் 9, அதுவும் தவக்கால ஞாயிறுதான். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் மேல் சாதிக் கிறிஸ்தவர்கள் பாய்ந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவின் பெயரால் ஒரே கோயிலில் மண்டியிட்டவர்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் வைத்துக்கொண்டு, எல்லோரையும் கடவுள் சமமாக நேசிக்கிறார் என்று பெரிய வெள்ளியன்று பிரசங்கம் வைக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. சுவரின் அந்தப் பக்கத்தில் புதைக்கப்படுகிறவர்களிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறோம்: தாழ்த்தப்பட்டவர்களைக் கடவுள் அதிகம் நேசிக்கிறார், பரலோகத்தில் உங்களுக்கு இடம் பெரிது. பரலோகத்தை விடுங்கள், கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடத்தை ஒன்றாகக் கொடுங்கள்.

விசுவாச அறிக்கையில், பாடுபட்டுச் சிலுவையில் அறையுண்டார் என்று சொல்கிற இடத்தில், கூடவே ஒரு மனிதனின் பெயர் வருகிறது: போஞ்சு பிலாத்து. எங்கோ ஒரு மாகாணத்தில் சில ஆண்டுகள் ஆளுநராக இருந்த ரோமை அதிகாரி. கடவுளின் மீட்புத் திட்டம் என்று பொதுவாகச் சொல்லி அந்தப் பெயரை விட்டிருக்கலாம். விடவில்லை. எவருடைய ஆட்சியில், எவர் கையெழுத்தில் அந்தக் கொலை நடந்தது என்று நூற்றாண்டு நூற்றாண்டாக, ஞாயிறு ஞாயிறாக, எல்லா மொழியிலும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இயேசுவைக் கொன்ற பழியைத் திருச்சபை பிலாத்துவின் கணக்கில் எழுதி வைத்திருக்கும்போது, குரங்கணியில் காட்டுத்தீ காலத்தில் ஆட்களை மேலே விட்டவர்களின் பழியையும், பெட்டிமுடியில் சரிவுக்குக் கீழே லயம் வைத்தவர்களின் பழியையும், எறையூரில் கல் எடுத்தவர்களின் பழியையும் ஆண்டவர் கணக்கில் எழுத உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?